பதிமூன்றாம் சீட்டுக்காகவே வாங்கலாம்: ரைடர்-வெயிட் டாரட் கட்டு

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். ரைடர்-வெயிட் டாரட் கட்டை வாங்கலாம். ஜோசியத்தில் நம்பிக்கை இருந்தால் அதற்காக வாங்கலாம், இல்லாவிட்டால் படங்களுக்காக வாங்கலாம். அதிலும் எல்லோரும் பார்த்தவுடன் "ஐயோ, அதை உள்ளே வை" என்று சொல்கிற பதிமூன்றாம் சீட்டு, கீழே 'டெத்' என்று போட்டு எலும்புக்கூடு குதிரையில் வருகிற அந்தச் சீட்டு, கட்டிலேயே ஆகச் சிறந்த படம் என்பது என் கட்சி. பெட்டிக்குள் வருகிற சின்னக் கையேட்டைப் பற்றி மட்டும் நல்லதாக எதுவும் சொல்ல முடியாது. அதைத் தனியாகத் திட்ட வேண்டியிருக்கிறது, வருகிறேன்.

டாரட் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: மொத்தம் 78 சீட்டுகள். அதில் 56, நாம் ரம்மி ஆடும் கட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு இனம், இனத்துக்கு 14 சீட்டு. மீதி 22-ஐத்தான் மேஜர் ஆர்க்கானா என்பார்கள். முட்டாள், மந்திரவாதி, பேரரசன், காதலர்கள், தலைகீழாகத் தொங்குபவன், மரணம், பிசாசு, கோபுரம், நட்சத்திரம், சூரியன், உலகம் என்று போகும். சினிமாக்காரர்களுக்கு இந்த 22-ல் ஒன்றே ஒன்றுதான் தெரியும். மெழுகுவர்த்தி எரியும், கிழவி ஒருத்தி சீட்டைத் திருப்புவாள், பதிமூன்று வரும், இடி இடிக்கும், அடுத்த காட்சியில் யாராவது போய்ச்சேர்ந்திருப்பார்கள். டாரட் பக்கமே வராதவர்களுக்கும் இந்தச் சீட்டின் மீது பயம் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கட்டு முதலில் வந்தது 1909 டிசம்பரில், லண்டனில், வில்லியம் ரைடர் அண்ட் சன் என்ற பதிப்பகத்திலிருந்து. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியருடையவை. இருவரும் கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவில் இருந்தவர்கள். இப்போது அதிகம் கைக்குக் கிடைப்பது அமெரிக்காவின் யூ.எஸ். கேம்ஸ் சிஸ்டம்ஸ் 1971-லிருந்து போட்டுவருகிற மஞ்சள் பெட்டி, மேலே மந்திரவாதி படம் போட்டது. என்னிடம் அதுவும் இருக்கிறது, அதே நிறுவனம் நூற்றாண்டை ஒட்டிப் போட்ட ஸ்மித்-வெயிட் செண்டினியல் பதிப்பும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சீட்டு பெரியது. ஏழு சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம். ரம்மிக் கட்டைக் கலைக்கிற மாதிரி விர்ரென்று கலைக்க முயன்றால் பாதி தரையில் கிடக்கும். பாயிலோ மேஜையிலோ குப்புறப் பரப்பி இரண்டு கையாலும் கலந்து திரும்ப அடுக்குவதுதான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது. மஞ்சள் பெட்டிச் சீட்டில் மேல்பூச்சு கொஞ்சம் அதிகம், புதிதில் வழுக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்துக் கண்ணை உறுத்தும். பின்பக்கம் நீலக் கட்டம், எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோல இருக்கும், அதனால் சீட்டு நேராக வருமா தலைகீழாக வருமா என்று முன்கூட்டியே தெரியாது. இது போதும் பொருளைப் பற்றி. படத்துக்கு வருகிறேன்.

பதிமூன்றை எடுத்து ஒரு பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு, வெள்ளைக் குதிரை, கடிவாளத்தில் மண்டையோடு. இதுவரைக்கும் பயமுறுத்தல்தான், சரி. ஆனால் அந்த எலும்புக்கூட்டின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கொடி. அவ்வளவுதான். வாள் இல்லை, அரிவாள் இல்லை, அம்பு இல்லை. நம்ம எமன்கூடப் பாசக்கயிறு இல்லாமல் கிளம்புவதில்லை. மார்செய் பாணி என்று சொல்லப்படும் பழைய பிரெஞ்சுக் கட்டுகளில் இதே பதிமூன்றாவது சீட்டில் எலும்புக்கூடு பெரிய அரிவாளோடு வயலில் இறங்கி அறுக்கும், கீழே வெட்டுப்பட்ட தலையும் கையும் காலும் சிதறிக் கிடக்கும், பெயரை எழுதவே பயந்த மாதிரி பல கட்டுகளில் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். அதற்கும் முன்னால் 15-ஆம் நூற்றாண்டில் மிலான் பிரபுக்களுக்காகக் கையால் தீட்டிய விஸ்கோன்தி-ஸ்ஃபோர்சா கட்டில் அது வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பலேர்மோ நகரத்தில் அதே நூற்றாண்டின் சுவரோவியம் ஒன்று இருக்கிறது, அதில் மரணம் எலும்பும் தோலுமான குதிரையில் பாய்ந்து வந்து அம்பு விடுகிறது, கீழே அரசர்களும் பிஷப்புகளும் குவிந்து கிடக்கிறார்கள். ஐரோப்பாவில் 1347-ல் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போன பிறகு நூறு வருஷம் கழித்தும் அந்த நடுக்கம் ஓவியங்களில் இருந்து போகவில்லை. இவ்வளவு பழைய ஆயுதங்களை எல்லாம் பமீலாவும் வெயிட்டும் கழற்றிவிட்டு, கையில் ஒரு கொடியைக் கொடுத்து, குதிரையையும் நன்றாகத் தீனி தின்ற குதிரையாக வரைந்து, பாய விடாமல் நடக்க விட்டிருக்கிறார்கள். இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கொடியில் ஐந்து இதழ் வெள்ளை ரோஜா. கட்டின் முதல் சீட்டான முட்டாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், மலை விளிம்பில் கவலையில்லாமல் நடக்கிற அந்தப் பையன் கையிலும் ஒரு வெள்ளை ரோஜாதான். பத்தொன்பதாம் சீட்டான சூரியனையும் எடுத்து வையுங்கள். அங்கேயும் வெளுத்த குதிரை, அங்கேயும் ஒரு கொடி, ஏறி உட்கார்ந்திருப்பது மட்டும் சிரிக்கிற குழந்தை. எலும்புக்கூட்டின் தலைக்கவசத்தில் தொங்குகிற சிவப்புச் சிறகும் முட்டாள் தலையிலும் குழந்தை தலையிலும் இருக்கிறது. ஒரே ஓவியர் 78 படத்தையும் சில மாதங்களில் வரைந்தவர், இது தற்செயலாக வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பிறகு அடிவானம். சீட்டின் வலது ஓரத்தில் மேலே, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். உதிக்கிறதா மறைகிறதா என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள், போடட்டும். நடுவில் ஆறு ஓடுகிறது, ஆற்றில் ஒரு படகு போகிறது. ராஜா செத்துக் கிடக்கிற படத்தில் பின்னால் யாரோ ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு படகு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விவரம்.

இனி நான்கு பேர். இவர்களுக்காகத்தான் இந்தக் கட்டை வாங்கச் சொல்கிறேன். ராஜா மல்லாந்து கிடக்கிறார், கிரீடம் கழன்றுவிட்டது. பிஷப் பொன்னிற அங்கியில் நின்று கையைக் கூப்பிக்கொண்டிருக்கிறார், வேண்டுகிறாரா பேரம் பேசுகிறாரா என்று உங்கள் மனநிலையைப் பொறுத்துத் தோன்றும். இளம்பெண் ஒருத்தி மண்டியிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பார்க்க மாட்டேன் என்கிறாள். பக்கத்தில் ஒரு குழந்தை, அதுவும் மண்டியிட்டிருக்கிறது, ஆனால் நிமிர்ந்து குதிரையை நேராகப் பார்க்கிறது. அதற்கு யாரும் இன்னும் பயப்படச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சீட்டு வந்தால் நான் பலன் பார்ப்பதில்லை, இந்த நாலு பேரில் நீ யார் என்று மட்டும் கேட்பேன். தோழி ஒருத்தியின் அப்பா நடத்திய போட்டோ ஸ்டூடியோ, செல்போன் கேமரா வந்த பிறகு ஓடவே இல்லை, அவளுக்கு அதை மூட மனசு வரவில்லை, வெகுநாளாக இதே பேச்சு. ஒருநாள் விளையாட்டாகச் சீட்டு எடுத்தாள், பதிமூன்று வந்தது, முகம் செத்துப்போயிற்று. இந்தக் கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிஷப்புடி நான், ஒவ்வொரு வருஷமும் இன்னொரு லோன் போட்டு கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்றாள். அதற்காக மறுநாளே ஷட்டரை இழுத்து மூடிவிட்டாள் என்று நினைக்காதீர்கள், ஸ்டூடியோ இன்னமும் இருக்கிறது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கிறார்கள். ஆனால் புதுக் கடன் வாங்குவதை நிறுத்திவிட்டாள். இந்த அளவுக்கு ஒரு சீட்டு உதவினால் எனக்குப் போதும்.

இப்போது கையேடு. வெயிட் தன் விளக்கப் புத்தகத்தில் இந்தச் சீட்டின் படத்தைப் பற்றி எழுதும்போது, அந்த ரோஜா வாழ்வைக் குறிக்கிறது, அடிவானத்தில் இரண்டு தூண்களுக்கிடையே ஒளிர்வது அழியாமையின் சூரியன், இது மாற்றமும் கீழிருந்து மேலே கடந்துபோவதும் என்றெல்லாம் நன்றாகவே எழுதுகிறார். அதே மனுஷர் பல பக்கம் தள்ளி, பலன் சொல்லும் பட்டியலுக்கு வந்தவுடன், முடிவு, மரணம், அழிவு, சிதைவு என்று அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார். பெட்டிக்குள் வருகிற கையேடு இந்த இரண்டாவது வகை எழுத்தில்தான் நம்பிக்கை வைத்திருக்கிறது. முதல்முறை வாங்குகிற ஆள் என்ன செய்வார், சீட்டை எடுப்பார், படத்தைப் பார்க்காமல் கையேட்டைப் புரட்டுவார், இந்த நாலு வார்த்தையைப் படிப்பார், பெட்டியை மூடிப் பீரோவுக்கு மேலே போட்டுவிடுவார். அச்சிட்டவர்களுக்கு இன்னும் பத்து வரி எழுத இடமில்லாமல் போயிற்றா?

அந்தப் பட்டியலில் ஒரு நல்ல இடமும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. சீட்டு தலைகீழாக வந்தால் என்ன என்பதற்கு வெயிட் கொடுப்பவை மந்தம், உறக்கம், அசைவற்றுப்போதல், கல்லாய் இறுகுதல். அதாவது நேராக வந்தால் ஒன்று முடிகிறது, தலைகீழாக வந்தால் முடிய வேண்டியது முடியாமல் கிடந்து இறுகுகிறது. இரண்டில் எது மோசம் என்று யோசித்தால், குதிரை நடந்து வருவதைவிட நடுவழியில் நின்றுபோவதுதான் மோசம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டூடியோத் தோழிக்கு உண்மையில் நடந்துகொண்டிருந்தது தலைகீழ்ப் பதிமூன்று.

நல்ல அர்த்தம் தேடுவதற்கு இதைவிட உறுதியான இடம் ஒன்று இருக்கிறது, அது ஜோசியத்திலேயே இல்லை. டாரட் பிறந்தது சீட்டாட்டமாக. 1440-களில் வட இத்தாலியில் மிலான், ஃபெராரா பக்கம் பணக்காரர்கள் ஆடிய ஆட்டம். எகிப்தின் ரகசிய ஞானம் இது என்று பிரான்சில் கூர் த ஜெபலான் என்பவர் எழுதி, குறி சொல்வது பெரிதாகக் கிளம்பியதெல்லாம் 1781-க்குப் பிறகு. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் டாரட்டை ஆட்டமாகவே ஆடுகிறார்கள். ஆட்டத்தில் இந்தப் பெரிய சீட்டுகள்தான் துருப்பு, பெரிய எண் சின்ன எண்ணை வெட்டும். அப்படியானால் பதிமூன்று நாலாம் எண் பேரரசனை வெட்டும், ஐந்தாம் எண் போப்பை வெட்டும். படத்தில் ராஜா ஏன் கிடக்கிறார், பிஷப் ஏன் கும்பிடுகிறார் என்பது இப்போது விளங்குகிறதா? ஆனால் அதே விதிப்படி பதிமூன்றை நட்சத்திரம் வெட்டும், சூரியன் வெட்டும், உலகம் வெட்டும். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் கொள்ளைநோய் தின்ற ஊர்க்காரர்கள், அவர்கள் மரணத்தைக் கடைசி எண்ணாக வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் எட்டுச் சீட்டு இருக்கிறது. அடுத்ததே பதினான்கு, டெம்பரன்ஸ், அதாவது நிதானம், ஒரு காலைத் தண்ணீரிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்து ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும் தேவதை. யாராவது உங்களைப் பதிமூன்றை வைத்துப் பயமுறுத்தினால் பதினான்கை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சியையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். இன்ஸ்டாவிலும் யூடியூபிலும் இப்போது புதிதாக ஒரு பாட்டு: டெத் கார்டு என்றால் சாவே கிடையாது பாஸ், வெறும் மாற்றம், கொண்டாடுங்கள், புது வேலை வரப்போகிறது, புது உறவு வரப்போகிறது. 1990-களில் வந்த ஓஷோ ஜென் டாரட்டில் இந்தச் சீட்டின் பெயரையே 'டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்று மாற்றிவிட்டார்கள். கட்டு அழகானதுதான், 79 சீட்டு, தியானத்துக்கு வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர் உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் பெயரை அழித்தால் படத்துக்குப் பல்லே இல்லாமல் போகிறது. சமீபத்தில் வீட்டில் ஒரு சாவு விழுந்தவரிடம் போய் இது வெறும் மாற்றம்தான் என்று சொல்லிப் பாருங்கள், அவர் உங்களைப் பார்க்கிற பார்வையிலேயே தெரியும் அது எவ்வளவு மட்டமான ஆறுதல் என்று. பமீலாவின் படம் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ராஜா செத்துத்தான் கிடக்கிறார். சூரியனும் இருக்கிறது. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, ஒன்றுக்காக மற்றதை மறைக்காமல் விட்டிருக்கிறார் பாருங்கள், அதுதான் எனக்கு இதில் கிடைக்கிற நம்பிக்கை.

போகி மாதிரி, பழசைக் கழிக்கிற சீட்டு இது என்று தமிழில் விளக்குகிறவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. போகியில் எந்தப் பாயை எரிப்பது, எதைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைப்பது என்று நாம் முடிவு செய்கிறோம், பாட்டி ஒன்றிரண்டைக் காப்பாற்றியும் விடுவார். இந்தச் சீட்டில் அந்த உரிமை நமக்கு இல்லை. குதிரையைப் பார்ப்பதா முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்பது மட்டும்தான் நம் கையில்.

மற்ற பயச் சீட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கட்டு வாங்குகிற எல்லோரும் கேட்பது இது. பதினைந்தாவது பிசாசு: ஆணும் பெண்ணும் கழுத்தில் சங்கிலியோடு நிற்பார்கள், உற்றுப் பாருங்கள், சங்கிலி அவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது, தலைக்கு மேலே தூக்கிக் கழற்றிவிடலாம். வாள் பத்து: குப்புறக் கிடப்பவன் முதுகில் பத்து வாள், ஒன்று போதாதா என்று கேட்கத் தோன்றும், ஆனால் வானம் மேலே கறுப்பாக இருந்தாலும் கீழே அடிவானம் மஞ்சள் பிடித்துவிட்டது, தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, செத்தவனின் கை விரல்கள் ஆசீர்வாதம் செய்கிற முத்திரையில் மடங்கியிருக்கின்றன. வாள் மூன்று, இதயத்தில் மூன்று வாள் குத்திய படம், மழை, அதற்கு நான் நல்ல அர்த்தம் தேடுவதில்லை. அழுகை வந்தால் அழ வேண்டியதுதான். பதினாறாவது கோபுரம்தான் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிற சீட்டு. மின்னல் அடித்து மேலிருக்கும் கிரீடம் பறக்க, இரண்டு பேர் தலைகீழாக விழுகிறார்கள். வெயிட்டும் எதிர்பாராத பேரிடர் என்றுதான் சொல்கிறார். அந்தக் கட்டடத்துக்கு ஜன்னல் இருக்கிறது, கதவு என் கண்ணில் படவில்லை, அதனால் வெளியே வர அவர்களுக்கு வேறு வழியே இருந்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அரை மனசோடுதான். பதிமூன்று வந்தால் குதிரைச் சத்தமாவது முன்னால் கேட்கும், இதில் அதுவும் இல்லை.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், பயத்துக்கு இது நல்ல மருந்து. கெல்டிக் கிராஸ் என்று பிரபலமான பரப்பலில் பத்துச் சீட்டு எடுப்பார்கள். 78-ல் பத்து எடுத்தால் அதில் மரணச் சீட்டு இருப்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட எட்டில் ஒன்று. மரணம், பிசாசு, கோபுரம், வாள் மூன்று, வாள் பத்து என்று ஐந்தையும் பயச் சீட்டாக எண்ணினால், ஏதாவது ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதியைச் சற்றே தாண்டும். அதாவது ஒரு நாளில் எட்டுப் பேருக்குப் பார்க்கிற டாரட்காரர் முன்னால் சராசரியாக ஒருவருக்கு எலும்புக்கூடு வரத்தான் செய்யும், அந்த எட்டில் ஒருவர் சாயங்காலத்துக்குள் போய்ச்சேர்வதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெரிந்தவர் ஒருவர் ஆன்லைனில் காசு கட்டி டாரட் பார்த்தார், பதிமூன்று வந்ததாம், பார்த்த அம்மா குரலைத் தாழ்த்தி, குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்குக் கண்டம் இருக்கிறது, தனியாக ஒரு பரிகாரம் செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் வேறு என்றிருக்கிறார். இவரும் கட்டினார். வெயிட் சீட்டுக்குப் பலன் எழுதியிருக்கிறார், பரப்பும் முறை எழுதியிருக்கிறார், பரிகாரம் என்று ஒரு வரி எழுதவில்லை. அது நம்ம ஊரில் ஒட்டவைத்த வால். சீட்டைத் திருப்பிவிட்டு யாராவது பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள், மிச்சக் காசில் ஒரு கட்டு வாங்கி நீங்களே படத்தைப் பாருங்கள்.

எந்தப் பதிப்பு என்று கேட்டால் செண்டினியல். மஞ்சள் பெட்டியில் நிறம் அடித்துப் பிடித்து நிற்கும், பதிமூன்றில் பிஷப்பின் அங்கியும் சூரியனும் ஒரே மஞ்சளில் கத்தும், பெயர்கள் அச்செழுத்தில் இருக்கும். செண்டினியலில் நிறம் அடங்கியிருக்கிறது, பமீலா தன் கையால் எழுதிய எழுத்தே பெயராக இருக்கிறது, கூடுதலாக அவருடைய வேறு ஓவியங்கள் சிலவும் வருகின்றன. பெட்டி மேல் அவர் பெயரும் இருக்கிறது, இது முக்கியம். இங்கிலாந்திலும் ஜமைக்காவிலும் வளர்ந்து, நியூயார்க்கில் படித்து, புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸின் கலைக்கூடத்தில் கண்காட்சி வைத்த அந்தப் பெண், 1909 நவம்பரில் அதே ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ரொம்பக் கொஞ்சப் பணத்துக்குப் பெரிய வேலை ஒன்றை முடித்திருக்கிறேன் என்கிறார். அந்தப் பெரிய வேலைதான் இந்தக் கட்டு. 1951-ல் கடனோடு இறந்தார். பல பத்து வருஷங்கள் கட்டுக்குப் பதிப்பாளர் பெயரும் வெயிட் பெயரும் மட்டுமே இருந்தன, படம் போட்டவர் பெயர் இல்லை. தலைப்பில் நானும் அந்தப் பழைய பெயரைத்தான் போட்டிருக்கிறேன், கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

வேறு மாதிரி வேண்டும் என்பவர்கள் தோத் கட்டைப் பார்க்கலாம். அலெய்ஸ்டர் க்ரோலி என்ற ஆங்கிலேய மறைஞானி சொல்ல, ஓவியர் ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்தது. அதில் மரணம் நடனமே ஆடுகிறது, தேள், பாம்பு, மீன் எல்லாம் சுற்றி வரும். பிரமாதமான ஓவியம், ஆனால் அதில் ராஜாவும் பிஷப்பும் பெண்ணும் குழந்தையும் இல்லை, நீங்கள் நிற்க இடம் இல்லை. முதல் கட்டாக அதைச் சொல்ல மாட்டேன்.

போலிகளைப் பற்றி: இந்தியச் சட்டக் கணக்கில் பமீலாவின் 1909 படங்களின் உரிமை முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஆகவே மலிவாகக் கிடைப்பதெல்லாம் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வருபவற்றில் நான் பார்த்தவை பெரும்பாலும் யாரோ ஸ்கேன் செய்ததை மறுபடி ஸ்கேன் செய்தவை. கோடுகள் மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, ஆற்றுப் படகு ஒரு கறையாகத் தெரியும், கையேட்டுக்குப் பதில் ஒரு க்யூஆர் கோடு இருக்கும் (இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நஷ்டம் இல்லை). பெரிய சீட்டு கையில் அடங்காதவர்களுக்காகப் பாக்கெட் அளவிலும் அசல் பதிப்பு கிடைக்கிறது. பயணத்துக்கு வசதிதான், ஆனால் அதில் அந்தக் குழந்தையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளவே பூதக்கண்ணாடி வேண்டும், அதனால் முதல் கட்டு பெரிய அளவாகவே இருக்கட்டும்.